நாரோடு வந்த முள்ளங்கி

பதினொன்றாம் வகுப்புத் தோட்டத்தில் அறுவடை விருந்து. அதற்கு ஒரு விதி போட்டவள் வகுப்புத் தலைவி நிரஞ்சனா. தன் பாத்தியில் விளைந்ததைக் கொண்டுவந்து அண்டாவில் போடுகிறவருக்குத்தான் பந்தியில் இலை.

தாவரவியல் ஆசிரியர் அருள்தாஸ் கேட்டுக்கொண்டிருந்தார்.

விதி போட்டவளின் பாத்திதான் கவிழ்ந்தது. முளைத்த வரிசை கோணலாக இருக்கிறதென்று, முள்ளங்கி நாற்றை எல்லாம் பிடுங்கி, நூல் பிடித்து நேராக நட்டாள். முள்ளங்கியைப் பிடுங்கி நடக்கூடாது என்று சார் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண்ணுக்கு வரிசை அழகுதான் பெரிதாகப் பட்டது. கிழங்கு ஒவ்வொன்றும் இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்து, விரல் தடிமன்கூட இல்லாமல் கிடந்தது.

விருந்தன்று விடிந்ததும் சந்தைக்குப் போய் இலையோடு நாலு கட்டு முள்ளங்கி வாங்கினாள். யாரும் வருவதற்குள் பாத்தியில் புதைத்து மண் அணைத்தாள்.

பத்து மணிக்கு எல்லோரும் சுற்றி நிற்க, சார் குனிந்து முதல் முள்ளங்கியைப் பிடுங்கினார். வெள்ளைவெளேரென்று வந்தது. தண்டில் கட்டுப் போட்ட வாழைநார் அப்படியே இருந்தது.

சார் நாரை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். முள்ளங்கியை மட்டும் தூக்கிக் காட்டினார். வகுப்பே கைதட்டியது. நிரஞ்சனாவுக்கு அந்தக் கைதட்டல் அடி விழுவதுபோல் இருந்தது.

சமையல் முடிந்தது. வேப்பமரத்தடியில் இலை போட்டார்கள்.

"சார், உட்காருங்க. முதல் இலை உங்களுக்குத்தான்" என்றாள் நிரஞ்சனா.

"எனக்கு எப்படிம்மா?" என்றார் சார். "இந்தத் தோட்டத்துல எனக்குப் பாத்தியே கிடையாதே."

"உங்களுக்குப் போய் விதியா சார்?"

சார் அவள் கையில் வாழைநாரை வைத்துவிட்டு வகுப்பறைக்குள் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். பேச்சியம்மாள். அவளுடைய அவரைக்கொடியை ஆடு மேய்ந்துவிட்டது. அண்டாவில் போட ஒன்றுமில்லாததால் அவளுக்கு இலை இல்லை.

நிரஞ்சனா வாசலில் நின்றாள். போகவும் முடியவில்லை, உள்ளே வரவும் முடியவில்லை. கடைசியில் நாரை நீட்டினாள்.

"பேச்சி, அந்த முள்ளங்கி என் பாத்தியில விளையல. சந்தையில வாங்கிப் புதைச்சேன்."

"தெரியும்."

"எப்படி?"

"காலையில பாத்திக்கெல்லாம் தண்ணி ஊத்த வந்தேன். நீ புதைச்சுக்கிட்டிருந்த. நான் பம்பு ரூம் பின்னாடி நின்னுட்டேன்."

"உன் பாத்தியிலதான் ஒண்ணுமே இல்லையே. எதுக்குத் தண்ணி ஊத்த வந்த?"

"எனக்கு இல்லேன்னா? மத்ததெல்லாம் காயுமே."

நிரஞ்சனாவுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. "பார்த்துட்டு ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா உனக்கும் இலை இருக்காதுல்ல."

பேச்சியம்மாள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால்கூட நிரஞ்சனா தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. குனிந்தபடி அழுதாள்.

வெளியே யாரோ, "நிரஞ்சனா, சாம்பார் ஆறுது," என்று கூப்பிட்டார்கள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் சார். விதியையும் எடுத்துடறேன். ஆனா எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அந்தப் பந்தியில போய் உட்காருவேன்?"

சார் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இப்போ எதுக்கு உட்காரணும்? சாம்பார் வாளியைத் தூக்கு. பேச்சி இலையில இருந்து ஆரம்பி."