செம்பு விளைச்சல்

மலைநாடு ஒன்று இருந்ததாம். அங்கே செம்பு வெட்டுவதை யாரும் வெட்டுவது என்று சொல்வதில்லை. விளைச்சல் என்பார்கள். "இந்த வருஷம் நல்ல விளைச்சல்" என்று சுரங்க வாசலில் பொங்கல்கூட வைப்பார்கள்.

அந்நாட்டு மந்திரி சேந்தன் ஓர் ஆடி மாதம் தன் குரு எழினி அம்மையைத் தேடி வந்தார். அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். சேந்தன் ஒரு செம்புக்கட்டியைக் காணிக்கையாக வைத்தார்.

"இந்த வருஷத்து முதல் விளைச்சல் அம்மா."

"அப்புறம் ஏன் முகம் வாடிக் கிடக்கு?"

"பழைய மலையில இன்னும் மூணு வருஷத்துக்குத்தான் செம்பு. அடுத்து ஊற்றுமலையைத் தோண்டணும். ஊருக்கே குடிதண்ணி அங்கேயிருந்துதான் வருது. தோண்டலேன்னா நாலாயிரம் வீட்டுல உலை கொதிக்காது. தை பிறந்ததும் நான் உத்தரவு ஓலையில முத்திரை வைக்கணும். வைக்கட்டுமா, வேண்டாமா?"

அம்மை கட்டியைப் புரட்டிப் பார்த்தார்.

"விதைக்கு எவ்வளவு எடுத்து வெச்சீங்க?"

"செம்புக்கு ஏதம்மா விதை?"

"விளைச்சல்னு நீங்கதானே சொன்னீங்க?"

மந்திரி சிரித்தார். அம்மை சிரிக்கவில்லை. கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"தையில வாங்க."

தை பிறந்தது. சேந்தன் ஓலையும் முத்திரையுமாக வந்தார். கல்லும் முள்ளுமாகக் கிடந்த அம்மையின் கொல்லையில் இப்போது பந்தல் கொள்ளாமல் அவரைக்காய்.

"என் கட்டி எங்கேம்மா?"

"உங்க தலைக்கு மேலதான் தொங்குது."

"விளையாடாதீங்க."

"பாத்திரக்காரர்கிட்ட அதைக் கொடுத்து மண்வெட்டியும் அவரைவிதையும் வாங்கினேன். உங்க சுரங்கத்து ஆளுங்க ரெண்டு பேர் வந்து கொத்திக் கொடுத்தாங்க."

"அவங்களுக்குச் சுரங்க வேலைதானே தெரியும்?"

"ஆமா. முதல் குழியை ஆள் ஆழத்துக்குத் தோண்டிட்டாங்க. போதும் போதும்னு நான்தான் நிறுத்தினேன். ரெண்டாவது குழி சரியா வந்துச்சு."

சேந்தன் அண்ணாந்து பார்த்து, கைக்கு எட்டியதையெல்லாம் பறிக்க ஆரம்பித்தார். அம்மை அவர் கையைத் தட்டிவிட்டார்.

"இளசாப் பறிங்க. முத்தினது ஆடிக்கு விதைக்க."

சேந்தன் முற்றியதை விட்டுவிட்டு இளசாகப் பார்த்துப் பறித்தார்.

அம்மை முறத்திலிருந்து காய்ந்த விதைகளை ஒரு கை அள்ளி நீட்டினார்.

"எதுல வாங்கிக்கிறதும்மா? கையில இந்த ஊற்றுமலை ஓலைதான் இருக்கு."

அம்மை எட்டிப் பார்த்தார்.

"அகலமான ஓலைதான். மடிச்சு விதையை முடிஞ்சுக்கலாம்."