ஆளுயரக் கம்பு

மிளகாய் மண்டியில் நாற்பது வருஷம் பேரம் பேசியே ஆளானவர் மாசானம். அறுபதாவது வயதில் மண்டியை மகனிடம் தள்ளிவிட்டு, பனிமலைக் கணவாய் ஒன்றில் இருந்த ஆசிரமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். குரு தவமணி அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். மாசானத்துக்கு அதுதான் எரிச்சல். எதிராளி வாயைத் திறந்தால்தானே பேரம் படியும்?

ஐப்பசிக் கடைசி. சாலையோரம் தனக்குக் கொடுத்த கல் குடிசையில் விறகு, கோதுமை மாவு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு அம்மையிடம் போனார்.

"பனிக்கு எல்லாம் தயார், தாயே. ஏதாவது விட்டுப்போச்சா?"

"உள்ளே நீர் ஒருத்தர் இருப்பது வெளியே தெரியுமா?"

"குடிசை தெரியுமே."

அம்மை உள்ளே போய் நாலு மூங்கில் கம்புகளைக் கொண்டுவந்து அவர் தோளில் ஏற்றினார். ஒவ்வொன்றும் இரண்டாள் உயரம். நுனியில் சிவப்புத் துணி.

"பனி வாரும் வண்டி வரும். ஓட்டுகிறவருக்குச் சாலையும் தெரியாது, கூரையும் தெரியாது. கம்புதான் கணக்கு. நாலு மூலையிலும் நடும்."

இருவரும் நடந்தார்கள். வழியில் வெறும் புல்வெளி. அதன் நடுவே இரண்டு நெடுங்கம்புகள் நின்றன. காற்றே இல்லை. துணி மட்டும் ஆடியது.

"குடிசையே இல்லாத இடத்தில் கம்பு எதுக்கு, தாயே?"

"இருந்தது. இரண்டு பேர் இருந்தார்கள்."

"இப்போ?"

அம்மை நடந்துகொண்டிருந்தார்.

குடிசைக்கு வந்ததும் மாசானம் கம்புகளை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு உயரம் யாருக்கு, ஒட்டகத்துக்கா? ரம்பத்தை எடுத்து நாலையும் பாதியாக அறுத்தார். துணி கட்டிய பாதியை மூலைக்கு ஒன்றாக நட்டார். மிச்சத்தில் விறகுக்குப் பரண் கட்டினார்.

"நாலை எட்டாக்கினேன் பார்த்தீர்களா? ஆளுயரம் போதும்."

அம்மை வெட்டுவாயை விரலால் தடவிப் பார்த்தார். "வேறு கம்பு தரட்டுமா?"

"காசைக் கரியாக்க வேண்டாம், தாயே."

அம்மை போய்விட்டார்.

பனி பதினோரு நாள் விடாமல் கொட்டியது. ஜன்னல் முதலில் வெளுத்தது, பிறகு இருண்டது. பன்னிரண்டாம் நாள் உச்சிப்பொழுதில் உறுமல் கேட்டது. சாலைப் பக்கமாகப் போகவில்லை. நேரே வந்தது. அலமாரியில் இருந்த தம்ளர் தானாக நகர்ந்து விழுந்தது.

மாசானம் பரணிலிருந்து ஒரு கம்பை உருவி, சிவப்புக் கம்பளியைச் சுற்றி, கூரைத் திறப்பை முட்டித் திறந்தார். தோசைத் திருப்பியால் பனியைத் தோண்டி மேலே வந்தார். எங்கும் ஒரே வெள்ளை. தான் நட்ட கம்புகளில் ஒன்றுகூட இல்லை. கூரை அகலத்துக்கு ஓர் இரும்புத் தகடு அவரைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

கத்தினார். நாலு தெருவுக்குக் கேட்கும் மண்டிக் குரல், வாயை விட்டு ஒரு முழம் போகவில்லை. கம்பைத் தூக்கிப் பிடித்தார். கம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. இரண்டு பக்கமும் யாரோ தோளைத் தாங்கிப் பிடித்தாற்போலக் கம்பு நிமிர்ந்தது.

தகடு திரும்பியது. இரண்டு முழம்தான் இடைவெளி.

ஓட்டுநர் சோனம் இறங்கி வந்தார். முகத்தில் ரத்தமில்லை. அவர் பேசிய இந்தி, லாரிக்காரர்களோடு பழகிய மாசானத்துக்குப் புரிந்தது.

"கம்பு எதுவுமே தெரியலை, ஐயா. மூணு பேரும் வரிசையா நின்னு கம்பைத் தூக்கினதாலே திருப்பினேன். மத்த ரெண்டு பேர் எங்கே? மேலே ஒரு போர்வைகூட இல்லையே, விறைச்சுப் போவாங்களே."

மாசானம் குனிந்து பார்த்தார். பனியில் அவர் நின்ற குழி ஒன்றுதான் இருந்தது.

வண்டி வாரிவிட்டு வந்த தடத்தில் அம்மை நடந்து வந்தார். தோளில் நாலு நெடுங்கம்புகள்.

"தாயே, இவர் மூணு பேர் என்கிறார்."

அம்மை ஒரு கம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அவர்களும் ஆளுயரம் போதும் என்றவர்கள்தான்."