ஏரிப் பக்கம் பார்த்த மூஞ்சி

மடைப்பட்டி ஏரிக்கரையில் பூங்கா வந்தாச்சு, படகும் வந்தாச்சு. வேடிக்கை பார்க்க வர்ற கூட்டம் வந்து போக ஓவர்சியர் ஐயா ஒரு திட்டம் போட்டார். வாசலில் நிற்கும் வேலையை வெள்ளைக்கண்ணுவிடம் கொடுத்து, கழுத்தில் ஒரு விசிலையும் மாட்டிவிட்டார். முதல் நாள் ஒழுங்காகப் பார்த்தால் வேலை நிரந்தரம். ஆயுசில் அவனுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். அன்றைக்குச் சாப்பிடும்போதுகூட அவன் விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"கேட்டுக்க. நாளையிலேர்ந்து கரை ரோடு ஒருவழிப் பாதை. எந்த வண்டியா இருந்தாலும் மூஞ்சி ஏரிப் பக்கம்தான் இருக்கணும். வந்தவங்களையும் எண்ணு, போனவங்களையும் எண்ணு. ஒரு ஆள் குறைஞ்சாலும் உனக்கு வேலை கிடையாது" என்றார் ஓவர்சியர்.

"வெளியே போற ரோடு எங்கய்யா?"

"வரைபடத்துல இருக்கு" என்று அதைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளைக்கண்ணு தன் மாமன் அங்குசாமியிடம் ஓடினான். அவர் வரைபடத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து, விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார்.

"ரோடு இருக்கு மாப்ளே. ஆனா விரல்தான் போகும், வண்டி போகாது."

"அப்ப வந்தவன் எப்படி மாமா வீட்டுக்குப் போவான்?"

அங்குசாமி ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் யோசித்தார். "திரும்பாமப் பின்னாடியே போகட்டும். மூஞ்சி ஏரிப் பக்கமே இருக்கும். ஐயா சொன்னதும் தப்பாது, அவனும் வீடு போய்ச் சேருவான்."

"நடந்து வர்றவங்க?"

"ஏன், அவங்களுக்கு மூஞ்சி இல்லையா?"

மறுநாள் நாற்பது பேர் வந்தார்கள். நாற்பது பேரும் பின்னாடியே போனார்கள். வேன் ஒன்று வைக்கோல் போரில் ஏறி இறங்கிப் போனது. ஒரு குடும்பம் ஏரிக்கு டாட்டா காட்டிக்கொண்டே போய் வாய்க்காலில் விழுந்தது.

"ஏம்ப்பா, இது என்ன கூத்து?" என்று கேட்டாள் அந்தக் குடும்பத்து அம்மா, சேறும் சகதியுமாக.

"திரும்பாதீங்கக்கா, என் வேலை போயிரும்!"

கணக்குக்கு ஒரு பானை வைத்திருந்தான். வாசலில் ஏரிப் பக்கம் பார்த்த மூஞ்சி ஒன்று தெரிந்தால் ஒரு புளியங்கொட்டை உள்ளே. ஊர்ப் பக்கம் பார்த்த மூஞ்சி என்றால் ஒன்று வெளியே. சாயங்காலம் பானையைக் கவிழ்த்தான். எண்பது!

கரையைப் பார்த்தான். ஒரு ஈ காக்கை இல்லை.

"மாமா! எண்பது பேர் வந்தாங்க, ஒருத்தர்கூடப் போகலை!"

"அப்ப எல்லாரும் தண்ணிக்குள்ளதான்டா" என்று, வாசலில் கூடவே நின்றிருந்த அங்குசாமி வேட்டியை மடித்துக் கட்டி ஏரியில் குதித்தார்.

அந்த நேரம் பார்த்து ஓவர்சியர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வெள்ளைக்கண்ணு அழுதுகொண்டே அவருக்கும் பானையில் ஒரு கொட்டையைப் போட்டான்.

"என்னய்யா தேடறாரு அவரு?"

"எண்பது பேரை ஐயா!"

ஓவர்சியருக்கு முகம் வெளிறிவிட்டது. தீயணைப்பு வண்டியைக் கூப்பிடப் போனை எடுத்தார், சிக்னல் இல்லை. ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடினார்.

வெள்ளைக்கண்ணு விசிலை வாய்க்குக் கொண்டு போனான். ஆனால் ஊதவில்லை. காலையிலிருந்து ஊர்ப் பக்கம் பார்த்த முதல் மூஞ்சி அது. பானையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கத்தினான்:

"மாமா, ஒருத்தர் பிழைச்சுட்டாரு! இன்னும் எண்பதுதான், விடாமத் தேடுங்க!"