சகாயமேரி வாசித்த மூன்று ஓட்டுகள்

இந்தக் கதையைக் கேட்டு முடித்தபின் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கடற்கரை ஊர் ஒன்றில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவள் சகாயமேரி. கணவன் விட்டுப்போய் ஆறு வருடம். மகள் நிர்மலாவுக்கு வலிப்பு நோய். தினமும் இரண்டு மாத்திரை. அரசு தந்த குடும்ப உதவித்தொகையில்தான் அதை வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் தொகை நின்றுவிட்டது. தாலுகா அலுவலகத்தில் விசாரித்தாள். ரேஷன் கார்டில் பெயருள்ள கொழுந்தனுக்கு பஸ் டிரைவர் வேலை கிடைத்திருக்கிறது, அதனால் குடும்ப வருமானம் புதிய வரம்பைத் தாண்டிவிட்டது என்றார்கள். அவன் அவள் வாசலை மிதித்தே வருடங்கள் ஆகியிருந்தன. தனிக் கார்டு கேட்டாள். விவாகரத்துத் தீர்ப்பு கொண்டு வா என்றார்கள்.

மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கத் தொடங்கினாள். மூன்றாவது வாரம் நிர்மலா பள்ளி மாடிப்படியில் வலிப்பு வந்து உருண்டாள். முன்பற்கள் இரண்டு போயின.

தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டுக் கொட்டகைக்கு வந்த எம்.எல்.ஏ. இளம்பரிதி, தாய்மார்களின் உதவித்தொகைக்காகச் சட்டசபையில் போராடியவன் நான் என்று பேசினார். சகாயமேரி எழுந்தாள். நூலகர் ரோசலின் தேடித் தந்த சட்டசபைக் குறிப்புகளின் நகல் அவள் கையில் இருந்தது. எல்லோர் முன்னாலும் வாசித்தாள்.

எதிர்க்கட்சியில் இருந்தபோது, வருமான வரம்பே கூடாது என்று அவர் ஓட்டுப் போட்டிருந்தார். "தாயிடம் சம்பளச் சீட்டு கேட்பதா?" என்று அன்று முழங்கியதும் அச்சில் இருந்தது.

ஆட்சி மாறியது. அவர் கட்சியே அதே வரம்பைக் கொண்டுவந்தது. மீறினால் பதவி போகும் என்று கொறடா உத்தரவு. ஆதரித்து ஓட்டுப் போட்டார். எண்பது ஓட்டு வித்தியாசத்தில் சட்டம் நிறைவேறியது.

மூன்றாவது ஓட்டு, நிர்மலா விழுவதற்கு ஒன்பது நாள் முன்பு நடந்தது. கைவிடப்பட்ட பெண்களைத் தனிக் குடும்பமாகக் கணக்கிட வேண்டும் என்று ஒரு திருத்தம். விருப்பப்படி ஓட்டுப் போடலாம் என்று கட்சியே சொல்லிவிட்டது. இரு பக்கமும் சமமாக விழுந்ததால் சபாநாயகர் தன் ஓட்டைப் போட்டுத் திருத்தத்தைத் தோற்கடித்தார். காலையில் சபைக்கு வந்திருந்த இளம்பரிதியின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"நான் எதிர்த்து ஓட்டுப் போடலையேம்மா. டீ குடிக்க வெளிய போயிருந்தேன்," என்றார் அவர்.

கொட்டகை கொந்தளித்தது. எதிர்க்கட்சியில் இருந்தபோது முழங்கியதே ஏமாற்று என்றாள் பிலோமினா. தொகையை நிறுத்தியது இரண்டாவது ஓட்டுதானே என்று கத்தினாள் தனபாக்கியம். சகாயமேரி தாளை மடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

இந்த மூன்று நாளில், எந்த நாளில் அவர் செய்தது பெரிய துரோகம்?

விடை: மூன்றாவது நாளில். சட்டம் வந்த அன்று அவரைப் பயம் பிடித்திருந்தது; அவர் எதிர்த்திருந்தாலும் அது நிறைவேறியிருக்கும். திருத்தத்தன்று அவரை யாரும் தடுக்கவில்லை. அவர் ஒருவர் போதும். சகாயமேரி அதை அவரிடமே சொன்னாள்: "சார், நீங்க எங்களுக்காகப் பேசவே வேணாம். அன்னைக்கு உள்ள உக்காந்து கையத் தூக்கியிருந்தா, எம் புள்ள முழு மாத்திரை முழுங்கியிருக்கும்." அவர் காரில் ஏறினார். அந்தத் தேர்தலிலும் அவர்தான் ஜெயித்தார். நிர்மலா இப்போதும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள்.