யானைக்கு முன்னால் யார்

"என் ஆளுங்க ஒருத்தர்கூடச் சாகல. அப்புறம் எப்படிம்மா நான் தோத்தேன்?" என்று மரியசூசை கேட்டார்.

தஸ்லீமா மேசையைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் வேடன், கீரி, தோணிக்காரன் என்று கார்டுகள் வரிசை குலையாமல் இருந்தன.

"அவங்க சாகல அங்கிள். நீங்கதான் செத்தீங்க."

அது திருச்சியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அங்கே கார்டு ஆட்டம் நடக்கும். வருகிறவர்கள் எல்லாம் இளவட்டங்கள். தலை நரைத்தவர் டயர் கடைக்கார மரியசூசை ஒருவர்தான்.

அவர் கையில் இருந்த கார்டுக்கட்டு அவருடைய மகன் ஆல்பினுடையது. ஐப்பசி மழையில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

ஆல்பினோடு அந்த மேசையில் அதிகம் ஆடியவள் தஸ்லீமா. எனக்கு இதைச் சொல்லிக் கொடு என்று அவர் வந்து நின்றபோது முடியாது என்றுவிட்டாள். அடுத்த வாரமும் வந்து நின்றார். அதற்கடுத்த வாரம் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான் அடிக்கிற அடி உங்க ஆளுங்க மேல வர்றதில்ல. உங்க மேலதான் வருது. நடுவுல யாரை நிறுத்தறதுன்னு நீங்கதான் சொல்லணும். யாரையும் நிறுத்தலைன்னா அடி முழுசும் உங்களுக்கு."

விதி அவருக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. கைதான் வரவில்லை.

தடுக்க நின்று செத்த கார்டு தனியாக ஒரு குவியலுக்குப் போகும். அந்தக் குவியலைப் பிள்ளைகள் கல்லறை என்பார்கள். அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது மரியசூசை கார்டுகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மகன் தொட்டுத் தொட்டு ஆடிய கார்டுகள். ஒன்றைக்கூட அங்கே அனுப்ப அவருக்கு மனம் துணியவில்லை.

வாராவாரம் ஆடினார். வாராவாரம் தோற்றார்.

ஒரு நாள் தன் யானைக் கார்டை ஏவிவிட்டு, "கீரியை நிறுத்துங்க" என்றாள்.

"கீரி சின்னது. யானைக்கு முன்னால தாங்காது."

"தாங்கும்னு நான் சொல்லலையே. தடுக்கும்னுதான் சொன்னேன்."

"செத்துடும்மா."

"சாகும். ஆனா யானையோட அடியில ஒரு துளிகூட உங்ககிட்ட வராது."

அவர் தலையை ஆட்டினார். கீரியை நிறுத்தவில்லை. அடியை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் தஸ்லீமா கட்டுகளை மாற்றினாள். தன்னுடையதை அவரிடம் கொடுத்துவிட்டு ஆல்பினுடையதைத் தான் எடுத்துக்கொண்டாள். மரியசூசை யானையை ஏவினார். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கீரியை எடுத்து முன்னால் வைத்தாள். கீரி செத்தது. கல்லறையில் போட்டாள்.

மரியசூசைக்கு முகம் சிவந்தது. அது என் பிள்ளையோடது என்றார்.

அவள் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி, எல்லாக் கார்டுகளையும் ஒன்றுசேர்த்து அவரிடம் நீட்டினாள்.

"ஆட்டம் முடிஞ்சா எல்லாம் திரும்பி வந்துடும் அங்கிள்."

"ஆல்பின் வரமாட்டான்."

"வரமாட்டான்" என்றாள். அன்றைக்கு இருவரும் பிறகு ஆடவில்லை.

மரியசூசையின் மனைவி செசிலியும் ஒவ்வொரு ஞாயிறும் அவரோடு வண்டியில் வருவாள். மாடி ஏற மாட்டாள். கடை வாசலில் ஒரு ஸ்டூலில், மடியில் பையை வைத்துக்கொண்டு அவர் இறங்கி வரும்வரை உட்கார்ந்திருப்பாள். நானும் வந்து பார்க்கிறேனே என்று ஒரு முறை கேட்டாள். உன்னால தாங்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார். கடைசி நாளன்று அவளைக் கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார். அவள் போன பிறகு ஆல்பின் கண் திறந்தான். அம்மா எங்கே என்று கேட்டான். வருவா என்றார். மறுபடியும் கேட்டான். அந்தக் கோலத்தில் அவள் அவனைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்து, அவளைக் கூப்பிட அவர் போனை எடுக்கவே இல்லை.

தூக்கத்திலேயே போயிட்டான் என்றுதான் செசிலியிடம் சொன்னார். இன்றுவரை அதுதான் கதை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு. அறையில் வேறு ஆள் இல்லை. தஸ்லீமா யானையை ஏவினாள். மரியசூசைக்கு இன்னும் ஓர் அடி தாங்காது.

வேடன்மேல் கை வைத்தார். எடுத்துவிட்டார். கீரிமேல் வைத்தார். அதையும் எடுத்துவிட்டார்.

"ஒரு யானையை ரெண்டு பேர் சேர்ந்து தடுக்கலாமா?" என்று கேட்டார்.

"தடுக்கலாம்."

"அடி குறையுமா?"

"குறையாது. அதே அடிதான். ரெண்டு பேருக்கும் பிரியும்."

"ரெண்டு பேரும் பிழைப்பாங்களா?"

"சொல்ல முடியாது அங்கிள். ஒருத்தர் போகலாம். ரெண்டு பேருமே போகலாம். ஆனா அடி வாங்குற அதே நேரத்துல ரெண்டு பேரும் சேர்ந்து திருப்பி அடிப்பாங்க."

"இத ஏம்மா முதல்லயே சொல்லல?"

"நீங்க ஒருத்தரைக்கூட நிறுத்தலையே."

மரியசூசை கார்டுகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

சாரலுக்கு ஒதுங்கி, கடையின் ஷட்டரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள் செசிலி. ஆட்டம் இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதா என்று கேட்டாள். அவர் அவள் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார்.

"செசிலி, அவன் தூக்கத்துல போகல. முழிச்சான். உன்னைக் கேட்டான். ரெண்டு தடவை கேட்டான். நான் உன்னைக் கூப்பிடல."

செசிலி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வாசற்படி வரைக்கும் வந்திருந்தது.

"தெரியும்ங்க. நர்ஸம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க" என்றாள். "கேட்டா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் நான் கேக்கல."