பத்துக்குப் பத்து

மகள் செண்பகத்தை டெங்குக் காய்ச்சல் கொண்டுபோன மறு வருஷமே, மாட்டு டாக்டர் பேச்சிமுத்து தன் ஊசிப் பெட்டியை மூடிவிட்டு டாக்டர் ஜெனோவாவின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்துவிட்டார். அந்தக் காய்ச்சலுக்கு ஒரு மருந்து வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சாகவேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

அன்று காலை மனுஷன் கால் தரையில் பாவவில்லை.

"மேடம், பத்துக்குப் பத்து! மருந்து போட்ட எலி ஒண்ணுகூடச் சாகலை. பன்னிரண்டு நாளாச்சு!"

ஜெனோவா எழுந்து எலி அறைக்கு நடந்தார். அங்கே இரண்டு கூண்டுகள். இரண்டிலும் டெங்குக் கிருமி ஏற்றிய எலிகள். ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு வெறும் உப்புத் தண்ணீர். எது எதென்று தெரிய, கூண்டுக்கு ஒரு சீட்டு.

சீட்டில் மை கலைந்தாலே எரிந்து விழுகிற அம்மா அவர். பேச்சிமுத்துவைத் திரும்பி நிற்கச் சொன்னார். இரண்டு சீட்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கூண்டுகளை நகர்த்தி வைத்தார்.

"இப்ப சொல்லுங்க. மருந்து போட்டது எது?"

பேச்சிமுத்து குனிந்தார். இந்தப் பக்கம் பத்தும் கொறித்துக்கொண்டிருந்தன. அந்தப் பக்கமும் பத்தும் கொறித்துக்கொண்டிருந்தன. தண்ணீர்க் கூண்டையும் தினம் பார்த்தவர்தான். நாளைக்கு விழும், நாளைக்கு விழும் என்றே இருந்துவிட்டார். அட, இதென்ன கூத்து!

"தெரியலையே, மேடம்."

"நான் கொடுத்த எலிங்க இது இல்லையே."

"மாத்திட்டேன், மேடம். நீங்க கொடுத்ததெல்லாம் எதிர்ப்புச் சக்தியே இல்லாம பொறந்ததுங்க. பாவம், அதுங்க மேல நோயை ஏத்தக் கை வரலை. செண்பகம் முகம் வந்துருச்சு. அதான் திடமான எலியா எடுத்தேன்."

"திடமான எலியை டெங்கு ஒண்ணும் பண்ணாது."

"அப்ப மருந்து?"

"நல்லதா இல்லையான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"இந்த இருபதும்?"

"கிருமி ஏத்தினதை வெளியே விட முடியுமா? சாயங்காலம் மயக்க மருந்து கொடுத்து முடிச்சிருங்க."

பேச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெனோவா சீட்டுகளை அவர் கையில் வைத்தார்.

"நாளைக்கு நான் கொடுத்த அந்த எலிங்களை வச்சே ஆரம்பிங்க."

"அதுங்களுக்கு வலிக்குமே, மேடம். வேற யார்கிட்டயாவது கொடுங்களேன்."

"வலிக்கும். அதனாலதான் உங்ககிட்ட கொடுத்தேன்."