பாயைச் சுருட்டியபடி சொன்னது

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கேளுங்கள். இந்தக் கதைக்குள் கண்ணை மூடி உட்கார்ந்தவர்களே போதும்.

ஒரு சிறையில் வாரந்தோறும் தியான வகுப்பு நடந்தது. நடத்தியவர் மனநல ஆலோசகர் நளாயினி. மூச்சைக் கவனிக்க வேண்டும். மனதில் எது வந்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது விலகினால், விலகியதையும் சொல்ல வேண்டும். "இங்க பேசுறது இந்தக் கதவைத் தாண்டாது" என்று அவர் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார்.

எசேக்கியேல் ஆயுள் கைதி. சொந்தத் தம்பியின் சாட்சியால் உள்ளே வந்தவன். அந்தத் தம்பி வீட்டில்தான் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அவளைப் பார்க்க பரோல் கேட்டிருந்தான்.

ஒருநாள் வகுப்பில் சொன்னான்: "தம்பி கழுத்து தெரியுது. என் கையில அருவா இருக்கு."

அதற்குள் மணி அடித்து, எல்லோரும் வரிசையில் கிளம்பிவிட்டார்கள். பாயைச் சுருட்டியபடி பின்தங்கியவன் நளாயினியிடம் மட்டும் சொன்னான்: "போயிடுச்சு டீச்சர். சின்னதுல அவன் என் முதுகுல ஏறி வந்ததுதான் இப்ப நெனப்புல இருக்கு."

பக்கத்துப் பாய்க்காரன் வேதமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. ஓர் உயிர் போய்விடுமே என்று பயந்து, காதில் விழுந்ததைக் கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டான். அவர் நளாயினியைக் கூப்பிட்டு, பரோல் மனுவைக் காட்டி, அப்படிச் சொன்னானா என்று விசாரித்தார். வகுப்பில் பேசியதை வெளியே சொல்வதில்லை என்றார் நளாயினி. பொய்யென்றால் பொய்யென்று சொல்லியிருப்பாரே என்று கண்காணிப்பாளர் கணக்குப் போட்டார். பரோல் இல்லையென்று ஆயிற்று. எசேக்கியேலை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகன் முகம் பார்க்காமலே அம்மா போய்ச் சேர்ந்தாள்.

மூவருமே நல்லவர்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். சொல்லுங்கள், எசேக்கியேலைக் கைவிட்டது இவர்களில் யார்?

விடை: வேதமுத்து என்றுதான் முதலில் வாயில் வரும். ஆனால் அவனுக்கும் கண்காணிப்பாளருக்கும் தெரிந்தது பாதிதான். மீதியைக் கேட்டவர் நளாயினி ஒருவரே. வாக்கு எசேக்கியேலுக்கும் சேர்த்துக் கொடுத்ததுதான்; "வெளிய சொல்லட்டுமா?" என்று அவனையே கேட்டிருக்கலாம். ஒரு சுவர் தள்ளித்தான் இருந்தான். அவர் வாக்கைக் காப்பாற்றினார், ஆளை விட்டுவிட்டார். அடுத்த வகுப்புக்கும் எசேக்கியேல் வந்தான், கண்ணை மூடினான். மனதில் என்ன வருகிறது என்று அவர் கேட்டார். அதுவரை டீச்சர் என்றே கூப்பிட்டவன், "ஒண்ணும் வரல மேடம்" என்றான்.